காலி என்றால் ஆம்

என் மனைவிக்கு அவள் ஆபீஸில் 'சந்தேகம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. நேருக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "சந்தேகம் வந்தாச்சா? அப்ப கூட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்பார்களாம். அவள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். கல்யாணமான புதிதில் அது ஏதோ கணக்குப் போடுகிற உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். போகப் போகத்தான் புரிந்தது. மனுஷன் எங்கே அவசரப்பட்டுத் தப்பான பொத்தானை அமுக்குவான், எங்கே பொய் சொல்லுவான், எங்கே ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பான் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுகிற வேலை அது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். இவளோ அதைச் சம்பளமில்லாமலே வீட்டிலும் செய்கிறாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே என் பகல்பொழுது போகிறது. ஆகவே சந்தேகம் எனக்கும் சொந்தக்காரன்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் நான் காலை எடுத்துவிடுவேன். அவள் எடுப்பதே இல்லை.

எங்கள் வீட்டு மடிக்கணினியின் கேமரா மேல், வெட்டுக்காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கடையில் பில் போடுகிற பெண் போன் நம்பர் கேட்டால் இவள் "எதுக்கு?" என்று கேட்பாள். இது என்ன கேள்வி என்று அந்தப் பெண் விழிப்பாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இவள் யாரோ, நான் யாரோ என்கிற மாதிரி நான் சோப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறந்த தேதியைக் கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்கிற இடங்களில் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிடுவாள். அதனால் வருஷம் முழுக்க அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை என் மாமியார் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "நான் இவளை எத்தனை தடவைதான் பெத்தேன், மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. முக்கியமான விஷயம் பேசுவதென்றால் எல்லோருடைய போனும் அதற்குள் போகவேண்டும். மூடியை அழுத்தி, டப்பாவைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். போன் ஒட்டுக்கேட்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "கேக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். வீட்டில் யாராவது "டப்பாவை எடு" என்றால் அன்றைக்குச் செய்த தப்புகளை நான் எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அந்த டப்பா அதிகம் வெளியே வந்தது அவள் தங்கை விஷயத்தில்தான்.

எங்கள் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்லுவோம். சின்னவளின் புருஷன் எனக்குச் சகலை. வீடு விற்றுக் கொடுக்கிற புரோக்கர். பெயருக்கேற்றபடி சகலமும் தெரிந்தவர். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். நான் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து, "சகலை, நீங்க ஓட்டினா தண்ணி டம்ளர்கூட சிந்தாது" என்று சொன்னவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. என் மனைவிக்கு மட்டும் பிடிக்கவில்லை. இவளுக்கு யாரைத்தான் பிடித்தது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒருநாள் சின்னவள் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். மாமியார் உச்சுக்கொட்டினார், நான் செருப்பு மாற்றச் சொன்னேன். என் மனைவி தங்கையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். வழுக்கி விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள், அங்கே சிராய்ப்பு இருக்கும்; இவளுக்கு உள்ளங்கை பளிச்சென்று இருக்கிறது, கட்டுக்கு மேலே முழங்கைப் பக்கம் விரல் தடம் இருக்கிறது என்றாள். பிறகு டப்பாவை எடுக்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. கடைக்குப் போனால் கடையின் படம் அனுப்பவேண்டும், தோழி வீட்டுக்குப் போனால் தோழியின் படம் அனுப்பவேண்டும். போன் அடித்து எடுக்காமல் விட்டதற்குத்தான் அந்தக் கட்டு.

சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு தையல்கடைக்கு மேலே ஓர் அறை பார்த்துக் கொடுத்தோம். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அம்மாள் நல்லவள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள், பாதி பாதுகாப்பு அதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆக அந்த முகவரி தெரிந்தது மூன்றே பேருக்கு. என் மனைவி, நான், மாமியார்.

அதற்குச் சில வாரம் கழித்துச் சின்னவள் ஜன்னல் திரையை விலக்கியபோது எதிர்ப்பக்கத்து பேக்கரி வாசலில் சகலை நின்றிருந்தார். கையில் ஒரு பொம்மை. கத்தவில்லை, கிட்டே வரவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கையை ஆட்டினார், போய்விட்டார். அன்று மத்தியானமே சின்னவள் குழந்தையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். சாவியைக்கூட என்னிடம் கொடுக்க முடியவில்லை, கீழே போட்டுவிட்டாள்.

யார் சொன்னது? எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் மாமியார். அவர் எப்போதோ ஒரு தடவை, "ஆயிரம் இருந்தாலும் அவரும் மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என் மனைவி பெற்ற தாயைக் குறுக்கு விசாரணை செய்தாள். அடுத்தது நான். சகலை ஒருநாள் என் டிரைவிங் ஸ்கூல் பக்கம் வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார், எல்லாரும் எப்படி இருக்காங்க என்று கேட்டார், நல்லா இருக்காங்க என்றேன். மறைக்க ஒன்றும் இல்லை என்று நானே இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"'நல்லா இருக்காங்க'ன்னா நீங்க அவளைப் பாத்திருக்கீங்கன்னு அர்த்தம்" என்றாள். "பாத்திருக்கீங்கன்னா, இதே ஊர்லதான் இருக்கான்னு அர்த்தம். இவ்வளவு போதாதா அவருக்கு?"

"ஊருக்குள்ள லட்சம் வீடு இருக்கு. இதை வச்சு தையல்கடை மாடியைக் கண்டுபிடிச்சிடுவாரா?"

"வேற என்ன சொன்னீங்க?"

பதினான்கு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு ஒரு கேள்வி. எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்து போய்விட்டேன். அதையும் அவள் குறித்துக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் சின்னவளுக்கு வேறு இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் மாடி அறை என்று மனைவி என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் எங்கள் வீட்டிலேயே நின்றுபோயிருந்தது. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன். நாலு மாடி ஏறினேன். கதவைத் தட்டினால் ஆவி புகைந்துகொண்டு ஒரு சலவைக்கூடம். இஸ்திரி போடுகிற ஆள் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதையெல்லாம் நாங்க துவைக்கறதில்லை" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் மாமியார் சோபாவில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்ட இடம் பஸ் டிப்போ பக்கம். பேத்திக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த டயர் குடோன் முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே கட்சி.

மனைவி அசரவில்லை. இது சோதனை என்றாள். ஒரு புரோகிராமில் கசிவு இருந்தால் ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு சாயத் தண்ணீரை விட்டுப் பார்ப்பார்களாம். எந்த நிறம் வெளியே வருகிறதோ அந்தக் குழாய்தான் ஓட்டை. எனக்கு ஒரு பொய் முகவரி, அம்மாவுக்கு இன்னொரு பொய் முகவரி. சகலை எந்த வாசலில் போய் நிற்கிறாரோ அதைச் சொன்னவர்தான் குற்றவாளி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைத் தண்ணீர்க்குழாய் ஆக்கிவிட்டாளே என்று நெஞ்செல்லாம் எரிந்தது. பல நாள் நாங்கள் உப்பு இருக்கா, கேஸ் வந்துச்சா என்கிற அளவில் மட்டுமே பேசிக்கொண்டோம்.

சகலை சலவைக்கூடத்துக்கும் வரவில்லை, டயர் குடோனுக்கும் வரவில்லை. சின்னவள் உண்மையில் குடியிருந்த வீட்டுக்கே வந்தார்.

குழந்தை ஜன்னல் வழியாகப் பார்த்து "அப்பா" என்றிருக்கிறது. சின்னவள் அதை வாரிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுவிட்டாள். அவர் வாசல் கதவுக்கு வெளியே நின்று நிதானமாகப் பேசியிருக்கிறார். நீ எங்கே போனாலும் எனக்குத் தெரிந்துவிடும், மேலே இருக்கிறவன் காட்டிக் கொடுத்துவிடுகிறான், அவனுக்கே நாம் பிரிந்திருப்பது பிடிக்கவில்லை, அடுத்த தடவை கதவைத் திறக்க ஆளோடு வருகிறேன் என்றாராம். கீழ்வீட்டில் இருக்கிற நர்ஸ் மேலே வந்து சத்தம் போட்ட பிறகுதான் கிளம்பினார். அதுவும் நர்ஸுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு.

சின்னவளையும் குழந்தையையும் நான்தான் போய் அழைத்து வந்தேன். அன்று டப்பாவை எடுத்தது நான். போன்களை உள்ளே போட்டு, மூடியை அழுத்தி, குளியலறையில் வைத்துவிட்டு வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் அத்தைக்கும் அந்த முகவரி தெரியாது. இப்ப சொல்லு, வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு" என்றாள். "அப்புறம்... குடும்பப் பக்கத்துக்கு."

குடும்பப் பக்கம் என்பது நகர நிர்வாகம் கொண்டுவந்த செயலி. வீட்டில் இருக்கிற அத்தனை பேருடைய விவரமும் ஒரே இடத்தில் இருக்கும். யார் எங்கே குடியிருக்கிறார்கள், குழந்தைக்கு என்ன தடுப்பூசி போட்டாயிற்று, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம். முகவரி மாறினால் அதில் மாற்றியாகவேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடையாது. தையல்கடை மாடிக்குப் போனபோதே சின்னவள் தயங்கியிருக்கிறாள். தன் நகத்தைக்கூட நம்பாத என் மனைவிதான் தைரியம் சொல்லியிருக்கிறாள். "அதுல பயமில்லை, போடு. அதை எழுதினதே நான்தான்" என்று.

ஆமாம். அந்தச் செயலியை நிர்வாகத்துக்குச் செய்துகொடுத்தது இவள் கம்பெனி. உலகத்தில் இவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே பொருள் அதுதான்.

முகவரி போடும்போதே அதில் ஒரு கேள்வி வரும் என்றாள். உங்கள் முகவரியை மற்ற குடும்ப உறுப்பினர்கள் பார்க்கலாமா, ஆம், இல்லை. சட்டப்படி சகலை இன்னும் குடும்ப உறுப்பினர்தான். ஆனால் சின்னவள் 'இல்லை' என்று அமுக்கியிருப்பாள் என்று இவள் எண்ணிவிட்டாள். டப்பாவைத் திறந்து தங்கையின் போனை எடுத்து அந்தத் திரையைக் காட்டினாள். சின்னவளுடைய போன் சின்னது, பழையது. திரையில் 'அடுத்து' என்கிற பொத்தான் மேலே தெரிந்தது. கேள்வி அதற்குக் கீழே, விரலால் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் இருந்தது.

"இப்படி ஒரு கேள்வியை நான் பாக்கவே இல்லையேக்கா" என்றாள் சின்னவள்.

பார்க்காததால் பதில் சொல்லவில்லை. சொல்லாததால் அந்த இடம் காலி. காலியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் மனைவி தலையைத் தூக்கவில்லை. "ஆம்" என்றாள்.

அந்தக் கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாள். செயலியை எழுதிக்கொண்டிருந்த சமயம். பழைய காகிதப் பதிவுகளில் இந்தக் கேள்வியே கிடையாது, ஆகவே லட்சக்கணக்கான பேருக்கு அந்த இடம் காலி. என்ன செய்வது என்று நகர நிர்வாகத்தின் திட்ட அதிகாரி அறையில் கூட்டம் நடந்தது. போகிற வழியிலேயே மேனேஜர், "இன்னைக்கு ஒருநாள் சந்தேகத்தை வீட்ல வச்சுட்டு வாங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார். இருந்தும் அன்று கடவுச்சொல்லிலிருந்து காப்பு நகல் வரை இவள் ஒவ்வொன்றுக்கும் கை தூக்கி, எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். கடைசியில் இது வந்தது. ஜனங்கள் வசதிக்காகத்தானே செய்கிறோம், காலியாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். இவளுக்கு இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள், பேசாமல் இருந்துவிட்டாள். "மௌனம் சம்மதம்" என்று அதிகாரி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆபீஸுக்கு வந்து அந்த வரியை இவளே எழுதினாள். புரோகிராமின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைப்பார்களாம். இந்தத் துண்டுக்கு இவள் 'மௌனம் சம்மதம்' என்றே பெயர் வைத்தாள். சக புரோகிராமர்கள் அதைப் பார்த்து ரசித்தார்களாம்.

"உங்களைச் சந்தேகப்பட்டேன், அம்மாவைச் சந்தேகப்பட்டேன்" என்றாள். "என்னை மட்டும் விட்டுட்டேன்."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

சின்னவளுக்கு மூன்றாவது வீடு பார்க்கவேண்டும். பள்ளிச் சேர்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது, முகவரியைக் குடும்பப் பக்கத்தில் போட்டே ஆகவேண்டும். இப்போது கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும், 'இல்லை' என்று அமுக்கிவிடலாம். நம் மட்டில் காரியம் முடிந்தது என்றேன். அவளுக்கு அது போதவில்லை. சின்னவளைப் போல எத்தனை பேர் எத்தனை கதவுக்குப் பின்னால் தாழ் போட்டுக்கொண்டு, யார் காட்டிக் கொடுத்தது என்று அம்மாவையும் அக்காவையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்றாள்.

திட்ட அதிகாரியைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். கொள்கையை மாற்றுவதென்றால் குழு கூடவேண்டும், குழு கூடவேண்டுமென்றால் மேலே கேட்கவேண்டும், 'ஆம்' என்பது 'இல்லை' என்று மாறினால் செயலியைப் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கை சரியும், அதற்கு அவர் பதில் சொல்லவேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தினார். உங்கள் தங்கை விவரத்தைக் கொடுங்கள், அவர் பக்கத்தை மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாதபடி நானே பூட்டி வைத்துவிடுகிறேன் என்றார்.

நல்ல மனுஷன், வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே என்று நான் கேட்டேன்.

"யாருக்கும் தெரியாம பூட்டத் தெரிஞ்சவருக்கு, யாருக்கும் தெரியாம திறக்கவும் தெரியும்" என்றாள். "நாளைக்கு அவர் நாற்காலியில வேற ஆள் வருவார். அவர்கிட்ட உங்க சகலை வீடு விக்கப் போவார். டீ வாங்கிக் கொடுப்பார்."

அப்படியென்றால் அதிகாரியின் சொந்தப் பக்கத்தையே கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டு, அவருக்கும் ஆகாத சொந்தக்காரன் ஒருத்தன் இல்லாமலா இருப்பான் என்று யோசனை சொன்னேன். பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் எனக்குப் பட்டது. அவள் முறைத்தாள். "அவர் சம்மதம் இல்லாம எப்படிக் காட்டுறது?"

அடுத்த கூட்டத்துக்கு நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். இந்த வேலை போனாலும் போகும் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். போனால் வந்து கிளட்ச் பழகு, உனக்குப் பாதிக் கட்டணம் என்றேன். சிரிக்கவில்லை. வெளியே வண்டியில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் தங்கை என்று சொல்லாமல், ஒரு பெண் என்று மட்டும் சொன்னாளாம். பொத்தானுக்குக் கீழே இருந்த கேள்வி, குளியலறையின் தாழ், கதவுக்கு வெளியே நின்று பேசியவர், எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு இவள் திருத்தத்தைத் திரையில் போட்டாள். ஒரே ஒரு வரி. காலி என்றால் இல்லை.

"இதுக்கு ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்" என்றாள். "யார் சொன்னாங்கன்னு பேரோட கூட்டக் குறிப்புல ஏறணும்."

அதிகாரி சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர் தன் டீக்கோப்பையைப் பார்த்தார். மேனேஜர் இவளைப் பார்த்தார். ஒருத்தி கதவுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்த கதையைக் கேட்ட பிறகு, அவள் முகவரியைக் கேட்காமலே காட்டவேண்டும் என்று தன் பெயரில் எழுதவைக்க அந்த மேஜையில் யாருக்கும் துணிச்சல் இல்லை. சரி என்று சொல்லவும் யாரும் தயாராக இல்லை. இவள் காத்திருந்தாள். வேண்டுமளவு காத்திருந்தாள்.

"மௌனம் சம்மதம்னு நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வண்டியில் ஏறியபோது நான் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர்கள் யாரும் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளவில்லை, அதே ஓட்டை வழியாகத்தான் நானும் உள்ளே புகுந்தேன், இதே மாதிரி இன்னொருத்தர் புகுந்து மாற்றிவிட எவ்வளவு நேரமாகும் என்றாள். ஜெயித்தாலும் இவளுக்குச் சந்தேகம்.

மாற்றம் நடந்தது. கையோடு இவளை அந்தத் திட்டத்திலிருந்து தூக்கினார்கள். வேலை போகவில்லை. இப்போது வண்டி நிறுத்துமிடங்களுக்குச் சீட்டு அடிக்கிற புரோகிராம் எழுதுகிறாள். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று தன் குடும்பப் பக்கத்தைத் திறந்து அவ்வப்போது பார்த்துக்கொள்கிறாள். நானும் பார்க்கிறேன். தொத்து வியாதிதானே.

சில நாள் கழித்துச் சகலை எனக்குப் போன் செய்தார். வழக்கம்போலத் தேன். நலம் விசாரித்தார், வண்டியை விசாரித்தார். பிறகு, "சகலை, அந்தக் குடும்பப் பக்கத்துல என்னமோ கோளாறு. முகவரியெல்லாம் முன்ன மாதிரி தெரியவே மாட்டேங்குது. உங்க வீட்லதானே அதைப் பாத்துக்கறாங்க, கொஞ்சம் சொல்லிச் சரி பண்ணச் சொல்லுங்களேன்" என்றார். கூச்சமே இல்லை. மேலே இருக்கிறவன் காட்டாமல் விட்டதும் கம்பெனிக்குப் புகார் கொடுக்க வந்துவிட்டார். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது என்று வைத்துவிட்டேன். இந்த ஆளோடு சேர்ந்து நான் எத்தனை டீ குடித்திருக்கிறேன்!

அன்று மனைவியிடம் சொன்னேன். அவள் டப்பாவை எடுத்தாள். குளியலறையிலிருந்து திரும்பி வந்து, சின்னவளின் புது முகவரி உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டாள். உங்களுக்குச் சொல்லலாம் என்று சின்னவளே சொல்லிவிட்டாளாம். ஆனால் தெரிந்துகொள்வது ஒரு பாரம், வேண்டாமென்றால் வேண்டாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேணும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சக்கர சைக்கிளை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு நீலக் கார் இரண்டு திருப்பம் என் பின்னாலேயே வந்தது. வேண்டுமென்றே வேறு தெருவில் நுழைந்து சுற்றி வந்தேன், அது நேரே போய்விட்டது. வண்டியைத் தள்ளி நிறுத்தி நடந்தேன். மாடிப்படி ஏறும்போது ஒரு நிமிஷம் இதுவும் சலவைக்கூடமாக இருந்துவிட்டால் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"யாரு?" சின்னவளின் குரல்தான்.

சைக்கிளைத் தூக்கி ஏறிய களைப்பில் எனக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்ல முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தை ஏதோ கேட்டது, 'ஷ்' என்று ஓர் அதட்டல். பிறகு ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"நான்தாம்மா" என்றேன். "மாமா. தனியாத்தான் வந்திருக்கேன்."

அதன் பிறகுதான் நாற்காலி நகர்ந்தது.